ஆழ்கடல் தூண்டில் தொழில்: போகிறவர்களும் போகாதவர்களும் கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தின் மேற்கு முனையில் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆழ்கடல் தூண்டிலுக்குப் பேர்போன ஊர்கள். நானும் அங்கிருந்து பல வருடம் தூண்டில் படகில் போனவன். கையில் பட்ட ஒரு காயத்துக்குப் பிறகு கரையில் உட்கார்ந்து ஒரு படகின் கணக்குப் பார்க்கிறேன். டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் ஒரே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"தங்குகடல்னா என்ன? காலையில போய் சாயங்காலம் வர்ற மாதிரிதானே?"

இல்லை. வள்ளத்தில் விடியற்காலை போய் மதியம் திரும்புவது கரைக்கடல் தொழில். தங்குகடல் என்பது படகிலேயே சமைத்து, படகிலேயே தூங்கி, பிடித்த மீனை ஐஸில் அடுக்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் கடலில் கிடப்பது. அறுபது, எழுபது அடிப் படகு. பத்திலிருந்து பதினைந்து பேர்.

எங்கள் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் கொச்சி தோப்பும்படியிலிருந்தோ முனம்பத்திலிருந்தோ கிளம்புவார்கள். மங்களூர், கோவா பக்கம் படகை நிறுத்திக் கிளம்புகிறவர்களும் உண்டு. சொந்த ஊர்ப் பக்கம் தேங்காப்பட்டணத்தில் துறைமுகம் இருக்கிறது. ஆனால் அதன் முகத்துவாரத்தில் மணல் மேடு விழுகிறது. அங்கே படகு கவிழ்ந்து செத்தவர்கள் உண்டு. பெரிய மீனுக்கு ஆள் போட்டி போட்டு ஏலம் எடுப்பதும் கொச்சியில்தான்.

"எத்தனை நாள் கடல்ல கிடப்பீங்க? அதை யார் முடிவு பண்றது?"

இருபது நாளும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். முடிவு செய்வது முதலாளியும் இல்லை, படகை ஓட்டும் ஸ்ராங்கும் இல்லை. ஐஸ்தான்.

ஒரு ஐஸ் பார் 50 கிலோ. இருபது பார் சேர்ந்தால் ஒரு டன். நான் கடைசியாகப் போன படகில் 400 பார் ஏற்றுவோம், அதாவது 20 டன். மீன் வந்தாலும் வராவிட்டாலும் அது தினமும் கரைந்துகொண்டேதான் இருக்கும். டீசல் குறைந்தால் பக்கத்தில் நிற்கும் படகில் கொஞ்சம் கடன் வாங்கலாம், அரிசியும் வாங்கலாம். ஐஸை யாரும் தரமாட்டார்கள். மீன் அறையைத் திறந்து பார்த்துவிட்டு ஸ்ராங்க் முகம் மாறினால் அந்த ட்ரிப் முடிந்தது என்று அர்த்தம்.

ஒருமுறை ஒரு ஐஸ் பிளாண்டில் நடுவே சரியாக உறையாத பார்களை ஏற்றிவிட்டார்கள். வெளியே பார்த்தால் கல் மாதிரி இருந்தது, உடைத்தால் உள்ளே தண்ணீர். பதினோராம் நாள் திரும்பினோம். அதிலிருந்து நான் ஏற்றும்போதே பத்துப் பாருக்கு ஒன்று உடைத்துப் பார்ப்பேன். திட்டுவார்கள், பரவாயில்லை.

"அவ்வளவு பெரிய கடல்ல மீன் எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்?"

அடிமீன் கடல் முழுக்க இருக்காது. களவா, செம்பல்லி, விளமீன் எல்லாம் பாறையை ஒட்டி வாழ்பவை. கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்போம். (ஐஸும் பார், பாறையும் பார். எங்கள் பிழைப்பே இந்த இரண்டு பாருக்கு நடுவேதான்.) மணல் வெளியில் நாள் முழுக்கத் தூண்டில் போட்டாலும் ஒன்றும் கிடைக்காது. அதே தூண்டிலை நூறு மீட்டர் தள்ளிப் பாரின் விளிம்பில் இறக்கினால் கை ஓயாது.

பெரிய திட்டுகளுக்குப் பெயரே உண்டு. கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் பேங்க் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர். 1976-இல் இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை வகுத்தபோது அது இந்தியப் பக்கம் வந்தது. மூன்று வருடத்துக்கு மட்டும் ஆறு இலங்கைப் படகுகள் அங்கே மீன்பிடிக்க விட்டார்கள். கொல்லத்துக்கு மேற்கே கொல்லம் பேங்க் இருக்கிறது, அங்கே ஆழம் 300 மீட்டரையும் தாண்டும். மகாராஷ்டிரத்தில் விஜயதுர்க் கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் போல மேற்கே போனால் ஆங்கிரியா பேங்க், முழுகிக் கிடக்கும் பவளத் திட்டு.

பாட்டன் காலத்தில் கரையில் தெரியும் மலையையும் கோயில் முகப்பையும் நேர்கோட்டில் வைத்துப் பாரின் இடத்தைக் குறித்தார்கள். இப்போது ஜிபிஎஸ்ஸும், ஆழத்தையும் அடித்தரையையும் காட்டும் எக்கோ சவுண்டரும் இருக்கின்றன. ஆனால் நல்ல பாரின் ஜிபிஎஸ் எண்ணை ஒரு ஸ்ராங்க் தன் மச்சானுக்குக்கூடச் சொல்லமாட்டார். அது அப்போதும் அப்படித்தான்.

"வலை போட்டா ஒரே இழுப்புல அள்ளிடலாமே, எதுக்கு ஒவ்வொண்ணா தூண்டில்?"

பாரில் வலை போட்டால் வலைதான் போகும், பாறையில் சிக்கிக் கிழியும். தூண்டிலில் வரும் மீன் நசுங்காமல் வருவதால் விலையும் கூட.

ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம், சுமார் 1.8 மீட்டர். தடித்த தங்கூசியின் (நைலான் நரம்பின்) நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே வரிசையாகக் கிளைத் தூண்டில்கள். இரை சாளை, அயிலை, கணவாய். கணவாயை இரவில் விளக்கு வெளிச்சத்தில் நாங்களே பிடித்துக்கொள்வதும் உண்டு. ஈயம் தரையைத் தொட்டதும் கையில் ஒரு மந்தமான தட்டு தெரியும். உடனே ஒன்றிரண்டு பாகம் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாரில் மாட்டும். களவா கடித்தால் முதல் சில பாகத்துக்குள் அதைப் பாறையை விட்டு மேலே கிளப்பிவிட வேண்டும். விட்டால் பொந்துக்குள் புகுந்து செவுளை விரித்து இறுக்கிக்கொள்ளும். அப்புறம் தங்கூசி அறுவதுதான்.

வளைந்து உள்நோக்கித் திரும்பிய முனையுள்ள வட்டத் தூண்டிலுக்கு இப்போது நிறையப் பேர் மாறிவிட்டார்கள். வெட்டி இழுக்க வேண்டாம், மீன் திரும்பும்போது தானே கடைவாயில் ஏறும்.

"ஆழத்துல இருந்து வர்ற களவாவுக்கு வயிறு வாய் வழியா பிதுங்கி, கண்ணு வெளிய தள்ளி இருக்கே. நோய் வந்த மீனா?"

நோய் இல்லை. மீனுக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கிறது, தண்ணீரில் நிலையாக நிற்க அதுதான் உதவும். கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். நூறு மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பைப் போலப் பதினோரு மடங்கு அழுத்தம். அங்கிருந்து வேகமாக மேலே இழுத்தால் பையில் உள்ள காற்று அத்தனை மடங்கு விரியப் பார்க்கும். பை உப்பி வயிற்றை வாய் வழியே தள்ளும். சாப்பிட ஒரு குறையும் இல்லை. சுறாவுக்குக் காற்றுப்பையே கிடையாது, எண்ணெய் நிறைந்த ஈரல்தான் அதை மிதக்க வைக்கிறது. அதனால் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தாலும் அது துள்ளிக்கொண்டு வரும்.

"அப்போ குஞ்சுக் களவாவைத் திரும்ப விட்டால் பிழைக்குமா?" என்று ஒரு வாத்தியார் கேட்டார். அப்படியே தூக்கிப் போட்டால் பிழைக்காது, மிதந்துகொண்டே பறவைக்கு இரையாகும். எடை கட்டி, முள் இல்லாத கொக்கியில் மாட்டி ஆழத்துக்கு இறக்கிவிட்டால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. உண்மையைச் சொன்னால் நாங்கள் யாரும் அதைச் செய்ததில்லை. சிறிசாகவே ஏறினால் அந்தப் பாரை விட்டு நகர்வதுதான் என் வழக்கம்.

"எனக்கு பஸ்ல போனாலே வாந்தி வரும். கடல் தொழிலுக்குப் போக முடியுமா அண்ணே?"

போகலாம் தம்பி. இரண்டு, மூன்று நாள் உயிர் போகும், அப்புறம் உடம்பு பழகிவிடும். மாத்திரை போடுவதானால் டாக்டரிடம் கேட்டு, படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடு. வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் வெளியேதான் வரும். இன்ஜின் புகை படாத இடத்தில் உட்கார்ந்து தூரத்தில் கடல் வானத்தைத் தொடும் கோட்டைப் பார். வெறும் வயிற்றோடு இருக்காதே, கஞ்சியாவது குடி. இரண்டாவது ட்ரிப்பிலும் ஐந்தாம் நாள் வரை நிற்கவில்லை என்றால் வேறு தொழில் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"குளியல், கக்கூஸ், சாப்பாடு?"

கக்கூஸ் பின்பக்கம், மறைப்புக் கட்டிய ஒரு பலகை. பெரிய அலையில் அது ஒரு தனிக் கலை.

நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். குளியல் கடல்தண்ணீரில். சாதாரண சோப்பு உப்புத்தண்ணீரில் நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். புதிதாக வரும் பையன்கள் முதல் நாள் சோப்பைத் தேய் தேயென்று தேய்ப்பதைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. சாப்பாடு சோறு, மீன்குழம்பு, மரச்சீனிக் கிழங்கு, எந்த நேரமும் கட்டன்சாயா (பால் இல்லாத டீ). காய்கறி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் கடைசி வரை வரும்.

"அமாவாசைக்குத் தூண்டில் கடிக்காதுன்னு எங்க தாத்தா சொல்வார். சும்மாதானே?"

சும்மா இல்லை. ஆனால் காரணம் மீன் இல்லை, நீவாடு. கடலின் ஓட்டத்தை நீவாடு என்போம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும், ஓட்டமும் வேகமாக இருக்கும். நூறு பாகத்துக்கு இறக்கிய தூண்டில் நேராக நிற்காமல் சரிந்து இழுபடும், ஈயம் பாரைத் தொடாது. கூடுதல் ஈயம் கட்டினால் கடித்ததும் தெரியாது, கையும் போகும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஓட்டம் தளரும். அப்போதுதான் அடித்தூண்டிலுக்கு நல்ல நேரம். ஓட்டம் பலமான நாட்களில் எங்கள் படகு சூரைக்கும் சுறாவுக்கும் மிதவை கட்டி மேல்தண்ணீரில் தூண்டில் விடும். மேலே சொன்ன ஐஸ் கணக்கில் நாளை வீணாக்க முடியாதே.

"இருபத்தஞ்சு நாள் முந்தி பிடிச்ச மீனை ஃப்ரெஷ்னு விக்கிறீங்களே, நியாயமா?" (ஒரு ஹோட்டல்காரர்)

நாள் கணக்கை விட முதல் அரை மணி நேரம் முக்கியம். பிடித்ததும் செவுளையும் குடலையும் எடுத்து, இரத்தத்தைக் கழுவி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் திணித்து அடுக்கிய களவா, கரையில் காலையில் பிடித்து மதியம் வரை வெயிலில் கிடந்த மீனை விட நன்றாக இருக்கும். மீனின் எடைக்குச் சமமாகவாவது ஐஸ் வேண்டும். ஐஸை முன்கூட்டியே உடைத்து வைக்கக்கூடாது, தூளான ஐஸ் சீக்கிரம் கரையும்.

இருந்தாலும் அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. முதல் வாரத்து மீன் அடியில் கிடக்கும், கடைசி வாரத்து மீன் மேலே இருக்கும். ஏலத்தில் முதலில் கண்ணில் படுவது மேல் அடுக்கு. வாங்குகிறவர் அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். கண் குழிந்து, அழுத்தினால் பள்ளம் அப்படியே நின்றால் வாங்க வேண்டாம். சூரையில் இன்னும் கவனம் தேவை. ஐஸ் சரியாகப் படாத சூரையில் ஹிஸ்டமின் என்ற நச்சு உண்டாகும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டால் முகம் சிவந்து, அரித்து, தலை இடிக்கும்.

"ஒரு ட்ரிப்புக்கு எவ்வளவு கிடைக்கும்?"

சம்பளம் கிடையாது, பங்குதான். மீன் விற்ற காசில் முதலில் தரகர் கமிஷன் போகும். அப்புறம் டீசல், ஐஸ், சாமான் செலவு கழியும். எங்கள் கணக்கில் டீசல்தான் எப்போதும் பெரிய எண். மிச்சத்தில் படகுக்கு ஒரு பங்கு, தொழிலாளிகளுக்கு ஒரு பங்கு. விகிதம் படகுக்குப் படகு மாறும், ஏறும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். செலவுக்கே மீன் வராவிட்டால் நாற்பது நாள் வேலைக்குக் கையில் ஒன்றும் இருக்காது. முன்பணம் வாங்கியவன் அடுத்த ட்ரிப்பும் அதே படகில்தான் போயாக வேண்டும். நான் பார்த்த கடன்கள் பெரும்பாலும் இப்படி ஆரம்பித்தவைதான்.

"மகன் போய்ப் பதினெட்டு நாளாச்சு மக்கா, ஒரு போன்கூட இல்லையே. யாரைக் கேக்கிறது?"

அம்மா, முதலில் பயப்படாதீங்க. கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே செல்போன் செத்துவிடும். படகுக்குப் படகு பேசும் வயர்லெஸ் சுமார் இருபது கடல் மைல் வரைதான் எட்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். கரைக்கு வரும் படகிடம் சொல்லி அனுப்பினால்தான் செய்தி வரும். தனியாரின் சாட்டிலைட் போனை அனுமதி இல்லாமல் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம், அதனால் எல்லாப் படகிலும் அது இருக்காது. இப்போது இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாக வேலை செய்யும் டிரான்ஸ்பாண்டரைப் படகுகளில் பொருத்துகிறார்கள். இரண்டு பக்கமும் குறுஞ்செய்தி போகும், ஆபத்துப் பொத்தானும் உண்டு. மகனுடைய படகில் அது இருக்கிறதா என்று முதலாளியிடம் கேளுங்கள்.

நிஜமாகவே ஆபத்து என்று தெரிந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கு அழைக்கலாம். படகின் பெயர், பதிவு எண், கிளம்பிய துறைமுகம், கிளம்பிய நாள், ஆட்களின் பெயர்கள். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள். 2017 ஒக்கிப் புயலின்போது பல வீடுகளில் படகின் பதிவு எண்கூடத் தெரிந்திருக்கவில்லை.

"ஒக்கி மாதிரி புயல் வந்தா நடுக்கடல்ல என்ன செய்வீங்க? கரைக்கு ஓடிவர முடியாதா?"

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக மாறியபோது எங்கள் ஆட்கள் பலர் வாரக்கணக்கில் கடலில் கிடந்தவர்கள். எச்சரிக்கை டிவியிலும் செல்போனிலும் வந்தது. முந்தின பதிலில் சொன்ன காரணத்தால் அது அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. பலர் திரும்பவில்லை. தப்பியவர்கள் லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும், மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும் கரை ஏறினார்கள்.

தூண்டில் படகு மணிக்கு எட்டு, ஒன்பது கடல் மைல் ஓடினால் பெரிது. இருநூறு மைல் தள்ளி நிற்கிறவன் கரை சேர ஒரு நாள் ஆகும். அதனால் 'கரைக்கு ஓடு' என்பது சில நேரம் புயலுக்குள்ளேயே ஓடுவதாகிவிடும். நம் பகுதியில் புயல் காற்று கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் புயலின் மையம் உன் வலக்கைப் பக்கம் இருக்கும். அதை வைத்து எந்தப் பக்கம் விலகுவது என்று முடிவு செய்யலாம். விலக முடியாவிட்டால் தளத்தில் அசைகிற எல்லாவற்றையும் கட்டி, மீன் அறையின் மூடியை இறுக்கி, இன்ஜினை நிறுத்தாமல் அணியத்தை (படகின் முன்பக்கத்தை) அலைக்கு நேராகப் பிடித்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் அலை வாங்கினால் படகு புரளும். இன்ஜின் நின்றால் மிச்சம் கடவுள் கையில்.

"கப்பல் இடிக்குமா?"

புயலை விட எனக்கு அதுதான் பயம். 2018 ஆகஸ்டில் முனம்பத்திலிருந்து போன ஒரு படகு கப்பல் மோதி உடைந்தது. செத்தவர்களிலும் காணாமல் போனவர்களிலும் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் நிறைய. 2012 பிப்ரவரி 15 அன்று நடந்தது வேறு மாதிரி. இத்தாலியக் கப்பல் ஒன்றின் காவலர்கள் கடற்கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதில் படகிலிருந்த இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் எங்கள் கரையைச் சேர்ந்தவர். அப்போது அந்தப் படகில் பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே இரவுக் காவலில் இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், வயர்லெஸ் 16-ஆம் சேனலில் காது இருக்க வேண்டும். பகல் முழுக்கத் தூண்டில் இழுத்தவனுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கப்பல் விளக்கு அதே திசையில் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால் அது உன்மேல்தான் வருகிறது.

"டீகோ கார்சியா பக்கம் மீன் நிறையன்னு சொல்றாங்களே, போனா என்ன?"

மீன் நிறையத்தான். டீகோ கார்சியா இருக்கும் சாகோஸ் தீவுகளைச் சுற்றியுள்ள கடலை 2010-இல் பிரிட்டன் மீன்பிடிக்கத் தடைசெய்த பகுதியாக அறிவித்தது. பிடிபட்டால் மீனும் கருவியும் போகும், ஆட்கள் காவலில் இருப்பார்கள், அபராதம் கட்டும்வரை படகும் வராது. அப்படிச் சிக்கிய எங்கள் ஊர்ப் படகுகள் உண்டு. நம் நாட்டின் உரிமைக்கடல் கரையிலிருந்து 200 கடல் மைல். மாலத்தீவும் இலங்கையும் பக்கத்தில் இருக்கிற இடத்தில் அந்தத் தூரமே கிடையாது, நடுவே கோடு விழுந்துவிடும்.

சுறாவிலும் சட்டம் இருக்கிறது. திமிங்கலச் சுறாவையும் வேளாவையும் (ரம்பம் போன்ற மூக்குள்ள மீன்) தொடவே கூடாது. தூவியை (துடுப்பை) மட்டும் அறுத்துவிட்டு உடலைக் கடலில் போடக்கூடாது என்று 2013-இல் உத்தரவு வந்தது. 2015-இல் தூவி ஏற்றுமதியும் நின்றது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம்.

"ஐஸ் பாதி இருக்கு, மீன் இல்ல. இருபதாம் நாள். திரும்புறதா, இன்னும் தேடுறதா?"

ஒரு இளம் ஸ்ராங்க் கேட்டது. இதற்குச் சூத்திரம் இல்லை. திரும்பும் வழிக்கு வேண்டிய டீசலை முதலில் ஒதுக்கு, அதைத் தொடாதே. அடுத்து, பாதி ஐஸ் என்று கண்ணுக்குத் தெரிவது பாதி இல்லை. அறையில் ஐஸ் குறையக் குறைய மிச்சம் இருப்பது இன்னும் வேகமாகக் கரையும். பத்து நாளுக்கு என்று நினைப்பது ஆறு நாளுக்குத்தான் வரும். அந்த ஆறு நாளில் தெரியாத பாரைத் தேடாதே, தெரிந்த பாருக்குப் போ. நீவாடு தளரும் நாள் அதற்குள் விழுகிறதா என்று பார். விழவில்லை என்றால் நான் திரும்பிவிடுவேன். முதலாளி முகம் சுளிப்பார். கெட்டுப்போன மீனோடு போனால் இன்னும் சுளிப்பார்.

"நான் சென்னையில ஐடியில இருக்கேன். ஒரு ட்ரிப் சும்மா கூட வந்து வீடியோ எடுக்கலாமா?"

முடியாது தம்பி. படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் மீனவர் அடையாள அட்டை வேண்டும், இன்சூரன்ஸும் ஆள் பட்டியல்படிதான். இதையெல்லாம் சரிசெய்தாலும், பத்தாம் நாள் உங்களுக்குப் போரடித்தால் கொண்டுவந்து விட முடியாது. திரும்பும் நாளை ஐஸ் முடிவு செய்யும் என்று மேலே எழுதியிருக்கிறேன். தூங்கும் இடமும் கணக்கு வைத்துத்தான், ஒருவர் காவலுக்கு எழுந்த பாயில் அடுத்தவர் படுக்கிறார்.

ஆசை இருந்தால் விடியற்காலை தோப்பும்படி துறைமுகத்துக்கு வாருங்கள். தூண்டில் படகு வந்து மீன் இறக்கும்போது ஓரமாக நின்று பாருங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள். வெள்ளைச் செருப்பு மட்டும் வேண்டாம்.